சத்தம் போடுகிறவருக்குத்தான் முதலில் கட்டுகிறோம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில், வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும், கடனில் மாட்டிய வீடுகளில் ஒரே ஒரு கடன் இருப்பது அபூர்வம். குழுக்கடன் இரண்டு மூன்று, வங்கியில் அடகில் நகை, ஓட்டோவுக்கு லீசிங், ஊரில் ஒருவரிடம் வட்டிக்கு எடுத்தது, கடைக்கொப்பியில் ஏறிக்கொண்டே போகும் பற்று என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கையில் வரும் காசு எந்த வரிசையில் வெளியே போகிறது என்று பாருங்கள். படலையில் வந்து நிற்பவருக்கு முதலில். போனில் ஏசுகிறவருக்கு அடுத்தது. கடிதம் மட்டும் அனுப்புகிறவருக்குக் கடைசியில், மிச்சம் இருந்தால்.

இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழானது. அக்கம்பக்கம் கேட்கக் கத்துகிறவரிடம் உங்கள் மானத்தைத் தவிரப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அதனால்தான் கத்துகிறார். வீட்டு உறுதியையோ நகையையோ கையில் வைத்திருப்பவருக்குக் கத்த வேண்டிய தேவை கிடையாது. தவணை முடியும்வரை பேசாமல் இருந்தாலே அவருக்குப் போதும். ஆகவே யாருக்கு முதலில் கட்டுவது என்பதை, கட்டாவிட்டால் அவரால் எதை எடுக்க முடியும் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கொப்பி

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி எல்லாக் கடனையும் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து எழுத வேண்டும். கணவனுக்குச் சொல்லாமல் எடுத்த குழுக்கடன், மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கைமாற்று என்று இரண்டு பக்கமும் மறைவு இருக்கும். ஒருவர் தனியே எழுதினால் பாதிக் கடன்தான் கொப்பியில் ஏறும். பத்திரத்தில் எழுதிய தொகை, உண்மையில் கைக்கு வந்த தொகை, இதுவரை கட்டியது, அவர்கள் சொல்லும் மிச்சம், அடுத்த தவணைத் திகதி, பிணை நின்றவர், கையெழுத்து வைத்துக் கொடுத்தவை என்று ஒவ்வொரு கடனுக்கும் எழுத வேண்டும். இதில் கடைசி இரண்டையும் ஆறுதலாக யோசித்து எழுதுங்கள். வெற்றுக் காசோலையா, வாக்குறுதிச் சீட்டா, ஒன்றும் எழுதாத கடதாசியில் முத்திரை ஒட்டி வைத்த கையெழுத்தா, காணி உறுதியா, அனுமதிப்பத்திரமா, சம்பள ஏ.டி.எம். அட்டையா? என்ன கொடுத்தோம் என்பதே ஞாபகமில்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

மிச்சத் தொகையை அறவிட வருகிறவரின் வாயிலிருந்து எடுக்கக்கூடாது. வங்கி, லீசிங் கம்பனி, நுண்கடன் நிறுவனம் எதுவாக இருந்தாலும் கிளைக்கு நேரில் போய்க் கணக்கு விபரத்தை அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். முதல், வட்டி, தண்ட வட்டி மூன்றும் தனித்தனியே காட்டப்பட்டிருக்க வேண்டும். அதை உங்கள் கையிலுள்ள கார்ட்டோடும் பற்றுச்சீட்டுகளோடும் வரிவரியாக ஒப்பிடுங்கள். வழமையாக அகப்படும் பிழை, படலையில் வாங்கிய காசு கணக்கில் ஏறாமல் போவது. “கார்ட்டை மறுகா எழுதுறன் அக்கா” என்று சொல்லி வாங்கிய காசுதான் பெரும்பாலும் இப்படிக் காணாமல் போகும். எழுதாமல், துண்டு தராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முடிந்தால் கிளையில் அல்லது வங்கிக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள்.

பிறகு வட்டியை ஒரே அளவுகோலில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குழுக்கடன், 1 இலட்சம் ரூபாய், “வருசத்துக்கு 20 வீதம்தான்”, 52 கிழமை. மொத்தம் 1,20,000 ரூபாய் கட்ட வேண்டும், கிழமைக்கு 2,308. ஆனால் அந்த 1 இலட்சமும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. முதலாம் கிழமையிலிருந்தே கடனின் முதல் குறைந்துகொண்டு போகிறது. வட்டி மட்டும் குறையாமல் முழுத் தொகைக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 37 வீதம் அளவில் வரும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 95,000 ஐத் தந்திருந்தால் அது 48 வீதத்துக்குக் கிட்டப் போய்விடும். ஊரில் “நூற்றுக்குப் பத்து” என்பது மாத வட்டி, வருடத்துக்கு 120 வீதம். சந்தை வியாபாரிகள் எடுக்கும் நாள் வட்டியில் 8,500 ரூபாயைக் கையில் தந்துவிட்டு நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்கினால், அதுவும் அதே 120 வீதத்தில்தான் வந்து நிற்கும். நாளுக்கு நூறு ரூபாய் சின்னக் காசாகத் தெரிவதுதான் அதன் வியாபாரம்.

உறுதி யார் கையில்

எல்லாவற்றிலும் ஆபத்தான கடன் பார்வைக்குக் கடன் போலவே இருக்காது. காணியை ஈடு வைப்பதற்குப் பதிலாக, கடன் கொடுப்பவர் பெயருக்கு அறுதி விற்பனை உறுதியாகவே எழுதிக் கொடுப்பார்கள். “காசைத் தந்தவுடன் திருப்பி எழுதித் தாறன்” என்பது வாய்ப்பேச்சு. இலங்கைச் சட்டத்தில் காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்; 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடன் கொடுத்தவர் மனம் மாறினால், அவர் இறந்தால், அல்லது காணியை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால், நீங்கள் வைத்திருப்பது ஒரு ஞாபகம் மட்டும். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அந்த உறுதி உண்மையில் கடனுக்குப் பிணையாகத்தான் எழுதப்பட்டது என்று மாவட்ட நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. காணியின் பெறுமதிக்கும் உறுதியில் எழுதிய தொகைக்கும் பெரிய இடைவெளி இருப்பது, உறுதி எழுதிய பிறகும் நீங்களே அங்கு குடியிருப்பது, வட்டி கட்டியதற்கான துண்டு, இவையெல்லாம் அங்கே உதவும். ஆனாலும் அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுபடும்.

காணியை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நொத்தாரிசு முன் ஈட்டு உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். ஏற்கெனவே அறுதி உறுதி எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் கொப்பியில் முதலாம் இலக்கக் கடன் அதுதான். உறவு கெடாமல் இருக்கும்போதே “இத்தனை ரூபாய் தந்தால் இன்ன திகதிக்குள் திருப்பி எழுதுவேன்” என்ற உடன்படிக்கையை நொத்தாரிசு முன் வாங்கப் பாருங்கள்.

நம்முடைய இரு மாவட்டங்களிலும் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. அதனால் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். கணவன் தனியே கையெழுத்திட்ட கடனுக்கு மனைவியின் வீட்டைப் பிடிக்க முடியாது. கடன் கொடுப்பவர்களுக்கும் இது தெரியும். “ஒரு சாட்சிக்குத்தானே தங்கச்சி, இதில ஒரு ஒப்பம் போடுங்க” என்று மனைவியைக் கூப்பிடுவது அதற்காகத்தான். சாட்சி என்று சொல்லி நீட்டும் கடதாசியில் “பிணையாளி” அல்லது “இணைக் கடனாளி” என்று இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து விளங்காவிட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் கடன் வாங்காமல் இருப்பதே மேல்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைக் குடியேற்றப் பகுதிகளிலும் நிறையக் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆகவே அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும் வட்டிக்காரருக்குக் காணியில் உரிமை கிடையாது. அவர் வைத்திருப்பது கடதாசி. ஆனால் மானியம், உரித்து மாற்றம் என்று எதற்குப் போனாலும் அந்தக் கடதாசி தேவைப்படும். அது தொலைந்ததாகப் பொய் முறைப்பாடு போட்டு இணைப்பிரதி எடுக்கச் சொல்லும் “யோசனை” ஊரில் உலாவுகிறது. செய்யாதீர்கள், அது உங்களைக் குற்றவாளி ஆக்கும். பத்திரம் இன்னாரிடம் இருக்கிறது என்று பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு எழுத்தில் அறிவிப்பதே நேர்வழி.

நகை அதற்கு அடுத்தது. தனியார் கடையில் நூற்றுக்கு 3 மாத வட்டிக்கு வைத்திருந்தால் அது வருடத்துக்கு 36 வீதம். வங்கி அடகு வட்டி வழமையாக அதைவிடக் கீழேதான் இருக்கும். மீட்டு அன்றைக்கே வங்கியில் வைப்பதற்குச் சில மணி நேரத்துக்குக் கைமாற்றுக் காசு வேண்டும். சகோதரரிடமோ பள்ளிவாசல் நிதியிலோ கேட்கத் தகுந்த கடன் இது, ஏனெனில் பின்னேரமே திரும்பிவிடும். பவுண் விலை ஏறிய காலத்தில் ஒரு தந்திர ஆபத்து உண்டு: மீள்அடகு வைக்கும்போது “இன்னும் கூடத் தரலாம்” என்பார்கள், நீட்டிய காசை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, கடன் கூடிவிடும். எட்டுப் பவுண் அடகில் இருந்து, வட்டி கட்டவே முடியாமல் இருந்தால், ஒன்றிரண்டு பவுணை விற்று மிச்சத்தை மீட்பது எட்டையும் ஏலத்தில் விடுவதைவிட எவ்வளவோ நல்லது. தாலியைத் தொடமாட்டோம் என்று வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஏலத்தில் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. எந்த நகையை விற்பது என்பது அவரவர் முடிவு, ஆனால் அந்த முடிவை ஏலக் கடிதம் வருவதற்கு முன் எடுக்க வேண்டும்.

லீசிங்கில் வாகனம் கம்பனியின் பெயரில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே நடக்கும் பெரிய பிழை, “வண்டியைத் தூக்கிட்டாங்க, கடன் முடிஞ்சுது” என்று நினைப்பது. முடியாது. பறித்த வாகனம் குறைந்த விலைக்குப் போகும். விற்ற விலை போக மிச்சமும், பறித்த செலவும், நிறுத்திவைத்த கூலியும் உங்கள் கணக்கில் ஏறும். தவணை இரண்டு பிந்தியதுமே, இனிக் கட்ட முடியாது என்று தெரிந்தால், கம்பனியின் எழுத்துச் சம்மதத்தோடு வாகனத்தை நீங்களே ஆள் பிடித்து விற்பதுதான் லாபம். பறிக்க வந்தால் கைகலப்பு வேண்டாம். வந்தவரின் அடையாள அட்டையையும் கம்பனியின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள், வாகனத்தை நாலு பக்கமும் கிலோமீற்றர் மானியையும் போனில் படம் எடுங்கள், உள்ளே இருக்கும் சாமானை எடுத்துவிட்டுக் கையேற்றதற்குத் துண்டு வாங்குங்கள். விற்ற பிறகு எவ்வளவுக்கு விற்றார்கள் என்ற கணக்கையும் எழுத்தில் கேளுங்கள்.

பிணை நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கிப் பத்திரங்களில் பிணையாளி, “முதலில் கடனாளியிடம் வழக்காடிவிட்டு என்னிடம் வா” என்று சொல்லும் உரிமையை வழமையாக விட்டுக்கொடுத்தே கையெழுத்து வைக்கிறார். ஆகவே வங்கி நேரே அவரைப் பிடிக்கலாம். பிணை நின்ற ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்கப்படும் முன் அவருக்கு நீங்களே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கொப்பியில் அந்தக் கடனை இரண்டு இடம் மேலே ஏற்றுங்கள்.

படலையில்

இப்போது கத்துகிறவரிடம் வருவோம். குழுக்கடனில் உண்மையான பிணை நகையோ காணியோ அல்ல, பக்கத்து வீட்டு அக்கா. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். அறவிட வருகிறவர் ஏசுவதைவிட அந்த நாலு பெண்களின் பார்வைதான் தாங்கமுடியாமல் இருக்கும். அதனால் அடுத்த கம்பனியில் கடன் எடுத்து இதைக் கட்டுகிறார்கள். கட்ட முடியாத கிழமை வருவதற்கு முன்பே குழுவைக் கூட்டி, கொப்பியைக் காட்டி, எல்லோரும் சேர்ந்து கிளைக்குப் போவது பலன் தரும். தனி ஒரு பெண் தவணை நீடிப்புக் கேட்டால் தட்டிக்கழிக்கும் முகாமையாளர், ஐந்து பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு வந்தால் உட்காரச் சொல்வார்.

கடன் கட்டத் தவறுவது சிவில் விடயம். அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடித்து வைக்க முடியாது. இதற்கு விதிவிலக்காக அடிக்கடி வருவது காசோலை. கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த காசோலை திரும்பினால் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். வட்டிக்காரர் வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்பது இதற்காகத்தான்: சிவில் கடனைப் பொலிஸ் விடயமாக்கும் சாவி அது. காசோலை கொடுத்த கடன் ஏதும் இருந்தால் கொப்பியில் அதற்குச் சிவப்புக் கோடு போடுங்கள். ஒரு தொகையைக் கட்டும்போது காசோலையைத் திருப்பி வாங்குவதையே முதல் நிபந்தனையாக வையுங்கள்.

கடனுக்காகப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள். போய், இது கொடுக்கல் வாங்கல் பிணக்கு, மத்தியஸ்த சபைக்கு அனுப்புங்கள் என்று கேளுங்கள். பயத்தில் “இன்ன திகதிக்குள் இவ்வளவும் கட்டுவேன்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், வட்டிக்கு வட்டி போட்டு ஊதிய தொகையை நீங்களே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

இலங்கை மத்திய வங்கியின் 2023 ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், அதன் மேற்பார்வையில் உள்ள வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் பொருந்தும். அறவிடும்போது மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் அவற்றுக்கு முரண். முறைப்பாடு முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் போக வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. “உங்கட ஆள் ஏசினவர்” என்று மட்டும் சொன்னால் எதுவும் நடக்காது. திகதி, நேரம், வந்தவரின் பெயர், சொன்ன வார்த்தை, கேட்ட சாட்சி, போன் அழைப்புகளின் படம் எல்லாம் கொப்பியில் அன்றன்றைக்கு ஏறியிருக்க வேண்டும். பதிவில்லாத வட்டிக்காரருக்கு இந்த ஒழுங்குவிதி பொருந்தாது. அவருக்குத் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. அத்துமீறி நுழைதல், மிரட்டல், சாமானைத் தூக்கிக்கொண்டு போதல் எல்லாம் குற்றங்கள், கடன் இருப்பது அதற்கு அனுமதி ஆகாது.

தவணைக்குப் பதிலாக வேறு எதையோ கேட்கும் அறவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஒருவர் 2018 இல் இலங்கைக்கு வந்தபோது, நுண்கடன் அறவிடுபவர்கள் பெண்களிடம் பாலியல் ரீதியாக அழுத்தம் கொடுப்பதைத் தன் அறிக்கையில் எழுதினார். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போகலாம். பெண்கள் உதவி இலக்கம் 1938. அறவிட வருகிறவரை வீட்டுக்குள் எடுக்காமல் படலையிலேயே, இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கப் பேசி அனுப்புங்கள். கடன் தலைக்கு மேல் போய் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வீட்டில் யாருக்காவது வந்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். அங்கே பேசுவதற்குக் கடன் கணக்கு எதுவும் தேவையில்லை.

கேட்கும் முறை

“கஷ்டமாக் கிடக்கு, கொஞ்சம் தவணை தாங்க” என்று வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கடன் இலக்கம், வருமானம் எங்கிருந்து எவ்வளவு வருகிறது, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, மின்சாரம் போக எவ்வளவு மிஞ்சும், மற்றக் கடன்கள் எத்தனை, ஆகவே உங்களுக்கு மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2,000 தான் முடியும் என்றால் 2,000 என்றே எழுதுங்கள். 5,000 என்று எழுதி இரண்டாம் மாதமே தவறினால் அடுத்த கடிதத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள். பிரதியில் கிளையின் முத்திரையோடு கையேற்ற ஒப்பம் வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

தவணைக் காலத்தையும் நீங்களே சொல்லுங்கள். கிழமைக்குக் கிழமை என்பது சந்தைக் கடைக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. பெரும்போக நெல் வரும் மாசி, பங்குனியில் ஒரு பெரிய தொகை, சிறுபோகம் முடிந்து ஒரு பெரிய தொகை, இடையில் வட்டி மட்டும் என்று கேட்கலாம். கல்முனை, வாழைச்சேனைப் பக்கக் கடற்றொழிலாளர் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்றில் தொழில் குறையும் என்பதை எழுதி அந்த மாதங்களுக்குக் குறைந்த தவணை கேட்க வேண்டும். நெல்லுக்கு முற்பணம் தந்த வியாபாரியின் கணக்கையும் கொப்பியில் சேர்த்துப் பாருங்கள். வட்டியே இல்லை என்று தந்துவிட்டு, அறுவடையில் மூடைக்குச் சந்தை விலையைவிடக் குறைத்து எடுத்தால், அந்தக் குறைப்புத்தான் வட்டி. மூடை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் வங்கியே மலிவு.

மறுசீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்துவிடக்கூடாது. பிந்திய வட்டியையும் தண்டத்தையும் முதலோடு கூட்டி, அந்தப் புதிய முதலுக்கு மீண்டும் வட்டி போடுவதையும் அப்படித்தான் அழைப்பார்கள். தவணை குறையும், கட்டும் மொத்தம் கூடும். கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: தண்ட வட்டியைத் தள்ளுவீர்களா, புதிய மொத்தம் எவ்வளவு, புதிதாகப் பிணையோ காணியோ கேட்கிறீர்களா? பிணை இல்லாமல் எடுத்த கடனுக்கு மறுசீரமைப்பின் பேரில் வீட்டு உறுதியைக் கொடுப்பது, கத்துகிறவர் கையில் நீங்களே ஆயுதத்தைக் கொடுப்பது.

கையில் மொத்தமாகக் கொஞ்சம் காசு வந்தால், வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பியதோ சீட்டு விழுந்ததோ, ஒரே தடவையில் தீர்க்கும் பேச்சுக்குப் போகலாம். நீண்ட நாள் கட்டாத, பிணை இல்லாத கடன்களில் முதலுக்குக் கிட்டவோ அதற்குக் கீழேயோ இறங்கி வருவார்கள். “இத்தொகையுடன் கடன் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்க்கப்படுகிறது” என்ற கடிதம் நிறுவனத்தின் தலைப்பில் கைக்கு வந்த பிறகுதான் காசு. காசைக் கட்டிவிட்டுக் கடிதத்துக்கு அலைந்தவர்களிடம் மிச்சத் தொகையை மறுபடி கேட்டது நடந்திருக்கிறது.

அரசாங்கம் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், நம் இரண்டு மாவட்டங்களும் உட்பட, தவணை தவறிய பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. குறித்த திகதி, குறித்த தொகை, குறித்த நிறுவனங்கள் என்று வரம்பு இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த கடன் எதற்கும் அது பொருந்தாது. தேர்தல் மேடையில் கேட்டதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்குத் தண்ட வட்டி ஏறியதுதான் மிச்சம்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகை. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் ஸகாத் குழுவிடம் இந்தக் கொப்பியோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். மற்றவர்களுக்குச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும் சமுர்த்தி வங்கியும் குறைந்த வட்டிக்கு உண்டு. அங்கே எடுக்கும் காசு நேரே நூற்றுக்குப் பத்துக் கடனை அடைக்கப் போனால் மட்டுமே அதில் பிரயோசனம்.

நீதிமன்றக் கடதாசி

வக்கீல் கடிதம் நீதிமன்றக் கடதாசி ஆகாது. கோரிக்கைக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பதில் எழுதாமல் விடவும் கூடாது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் பதில் போடாத கடிதத்தை ஏற்றுக்கொண்டதாக நம் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. கேட்கும் தொகை பிழை என்றால் பிழை என்று எழுதுங்கள்.

சிறிய பிணக்குகள் வழக்குக்கு முன் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலையில் கூடும். சட்டத்தரணி வரமுடியாது, செலவும் கிட்டத்தட்ட இல்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே கேட்பவர்கள் ஓய்வுபெற்ற அதிபர்களும் ஊர்ப் பெரியவர்களும். 8,500 தந்து 10,000 வாங்கிய கணக்கை எழுத்தில் பார்த்தால் அவர்களுக்கு விளங்கும். இணங்க முடியாத தொகைக்கு இணங்காதீர்கள். இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், மற்றவர் வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அழைப்பாணை வந்தால் கட்டாயம் போக வேண்டும். கையேற்காமல் ஒளித்திருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் நியாயமான காரணத்தோடு போனால்தான் அதை நீக்கக் கேட்கலாம். வங்கிகள் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கில் முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை வரும், எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதில் குறித்த திகதியைத் தவறவிட்டால் வேலை முடிந்தது. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு வருமான விபரத்தோடு போகலாம். தீர்ப்பு வந்தாலும் உடுப்பு, படுக்கை, தொழில் ஆயுதம், கமக்காரரின் உழவுக் கருவி, விதைநெல் போன்றவற்றைக் கைப்பற்ற முடியாதபடி குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 218 ஆம் பிரிவு காக்கிறது.

வட்டிக்காரர் வழக்குப் போடுவது அரிது, ஏனென்றால் அவருக்கும் அங்கே சங்கடம். 1918 ஆம் ஆண்டின் கடன் வழங்கல் கட்டளைச் சட்டப்படி வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிப் பிடித்த வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்குவது அந்தச் சட்டத்தில் குற்றம். நிலுவை வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்ற பழைய விதியும் இருக்கிறது. எழுத்துக் கடனுக்கு 6 ஆண்டு, எழுத்தில்லாக் கடனுக்கு 3 ஆண்டு, காணி ஈட்டுக்கு 10 ஆண்டு காலவிதிப்பு, அதாவது அதற்குள் வழக்குப் போடாவிட்டால் பிறகு வழக்கு நிற்காது. இடையில் சிறு தொகை கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டாலோ அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஐந்தரை வருடம் பேசாமல் இருந்தவர் திடீரென்று வந்து “ஒரு ஐந்நூறு தந்தாலும் போதும் தம்பி” என்று சிரித்தால் நாட்காட்டியைப் பாருங்கள்.

சம்பள அட்டையை வட்டிக்காரரிடம் கொடுத்தவர்கள் வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்திப் புதியது எடுக்கலாம். கடன் இருக்கும், சம்பளம் உங்கள் கைக்கு வரும்.

கட்டி முடிந்த கடனுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. காசோலை, வாக்குறுதிச் சீட்டு, வெற்றுக் கடதாசி எல்லாவற்றையும் மூலப்பிரதியாகத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுங்கள். ஈட்டு உறுதிக்கு மீட்பு உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளைக்குச் சீதனம் எழுதும் நாளில்தான் பழைய ஈடு தலை நீட்டும். லீசிங் முடிந்த வாகனத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கம்பனியின் பெயரை நீக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வங்கி ஊடாக உங்கள் கிரிப் (கடன் தகவல் பணியக) அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் தீர்க்கப்பட்டதாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் தீர்த்த கடிதத்தின் பிரதியோடு அந்த நிறுவனத்துக்கே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கடன் எடுத்தவர் இறந்துபோன வீடுகளில் முதலில் தேட வேண்டியது, ஆரம்பத்தில் “காப்புறுதி” என்று பிடித்த காசுக்கான துண்டு. மிச்சக் கடனை அந்தக் காப்புறுதி மூட வேண்டியதாக இருக்கலாம். பிள்ளைகள் கையெழுத்து வைக்காத கடனுக்கு இறந்தவரின் சொத்துத்தான் பொறுப்பு. மரணச் சடங்கு முடிவதற்குள் வந்து “நீங்க பொறுப்பெடுக்கிறதா ஒரு ஒப்பம்” என்று நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.